பாதியில் மேலே வந்தவன்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் எந்த லாஞ்சு மூழ்கினாலும் முதலில் ஆள் அனுப்புவது என் வீட்டுக்குத்தான். முத்துக்கண்ணு என்று கேட்டால் மீன் ஏலக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை வழி சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை, ஏனென்றால் இதை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. புவனகிரிக்குப் பக்கத்தில், வெள்ளாற்றங்கரையில், கூலி வேலை செய்த வீட்டில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தேன். தண்ணீருக்குள் விழுந்த ஒரு நங்கூரச் சங்கிலியை எடுக்க எல்லோரும் தயங்கி நின்றபோது நான் குதித்தேன். கடற்கரைக்காரர்கள் என்னை ‘ஆத்துத் தவள’ என்று கேலி பண்ணினார்கள். அந்தத் தவளை பிறகு என்னென்ன செய்தது என்று கேளுங்கள்.

சொந்தப் படகு வாங்கியது. காற்று அடிக்கும் கம்ப்ரசர் வாங்கியது. எல்லோரும் வாயில் பிளாஸ்டிக் குழாயைக் கடித்துக்கொண்டு முங்கின காலத்தில், முதுகில் சிலிண்டர் கட்டி முங்கும் முறையை இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. சுனாமி உப்பனாற்றில் கவிழ்த்துப் போட்ட லாஞ்சுகளில், கிரேன் வைத்திருந்தவர்களே முடியாது என்று விட்டுப் போனதை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தது. ஆறு பேருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்துச் சோறு போட்டது. மாடி வைத்து வீடு கட்டியது. மகளைப் படிக்க வைத்துச் சிதம்பரத்தில் டீச்சர் ஆக்கியது. எல்லாம் அந்தத் தவளைதான்.

இப்படிப்பட்ட ஆளை ஒரு நாள் நெஞ்சு கீழே தள்ளியது. அதைத்தான் எழுத வந்தேன். எழுதிக் கொடுத்தது என் மகள் செல்வி. சொன்னது முழுக்க நான்.

அது மாசி மாதம். கடல் குளம் மாதிரி கிடந்தது. கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு லாஞ்சு மூழ்கிக் கிடந்தது. ஆழம் பன்னிரண்டு பாகம் இருக்கும். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். அந்த லாஞ்சைத் தூக்க வேண்டும். எங்கள் முறை இதுதான்: லாஞ்சின் அடிவயிற்றுக்குக் கீழே மூன்று கயிறு கொடுக்க வேண்டும். அந்தக் கயிறுகளில், தண்ணீர் நிரப்பி இறக்கிய டிரம்களைக் கட்ட வேண்டும். பிறகு மேலேயிருந்து குழாயில் காற்று அடித்தால், டிரம் மிதக்கப் பார்க்கும், லாஞ்சையும் சேர்த்துத் தூக்கும். சொல்லும்போது லேசாக இருக்கும். சேற்றுக்குள் கையை விட்டுக் கயிற்றைத் தள்ளுகிறவனுக்குத்தான் தெரியும்.

அன்று படகில் நானும் என் மனைவி தனத்தின் தம்பி தேவராஜும் மட்டும்தான். மற்றவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தேவராஜ் படகைப் பார்த்துக்கொள்வான், நான் முங்குவேன். கீழே எப்போதும் நான் தனியாகத்தான் போவேன். இரண்டு பேர் இறங்கினால் ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான், வேலையை யார் பார்ப்பது என்பது என் கட்சி.

காலையிலிருந்து இறங்கி ஏறி இரண்டு கயிறு கொடுத்துவிட்டேன். மூன்றாவது கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்பக்கம், இன்ஜினுக்கு நேர் கீழே, மல்லாந்து படுத்துக்கொண்டு கயிற்று நுனியை உள்ளே தள்ளினேன். அப்போதுதான் தாடை வலித்தது. வாய்க்குக் காற்று தருகிற ரெகுலேட்டரை அழுத்திக் கடித்திருக்கிறேன் என்று நினைத்து லேசாகக் கடித்தேன். வலி போகவில்லை. பிறகு இடது தோள். பிறகு நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம். சிலிண்டரில் காற்று இருக்கிறது, ஆனால் இழுக்கிற காற்று பத்தவில்லை. தண்ணீருக்குள்ளேயே எனக்கு வேர்ப்பது தெரிந்தது. தண்ணீருக்குள் வேர்க்குமா என்று கேட்காதீர்கள். வேர்த்தது.

நுனி முக்கால்வாசி போய்விட்டது. இன்னும் நாலு தள்ளு தள்ளினால் அந்தப் பக்கம் வந்துவிடும். நான் அதைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். கயிற்றை அப்படியே சேற்றில் விட்டேன்.

நெஞ்சு ‘சீக்கிரம் மேலே போ’ என்று அடித்துக்கொண்டது. அந்த ஆழத்திலிருந்து விருட்டென்று ஏறினால் உடம்புக்குள் இருக்கிற காற்று விரிந்து ஆளையே கிழித்துவிடும். ஆகவே நங்கூரக் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறினேன். மூன்று பாகம் பாக்கி இருக்கும்போது நின்றேன். உடம்பில் ஊறிய காற்று வெளியே போக அங்கே எப்போதும் நிற்க வேண்டும். அன்றும் நின்றேன். தலைக்கு மேலே படகின் அடிப்பலகை தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. நீட்டவில்லை. என் வயதில், அந்த வலியில், அங்கே நிற்க எவனுக்கு வரும்?

தேவராஜ் என்னை அள்ளித்தான் படகில் போட்டான். எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. எங்கள் தொழிலில் ‘காத்துப் பிடிப்பு’ என்று ஒன்று உண்டு. ஆழத்தில் ஜாஸ்தி நேரம் இருந்துவிட்டு ஏறினால், ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக்கொண்டு, தோளிலும் முட்டியிலும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். அதற்கு நாங்கள் செய்கிற வைத்தியம், மறுபடி அதே ஆழத்துக்கு இறங்குவது. இறங்கினால் குமிழி சுருங்கும், வலி விடும். பிறகு பையப் பைய ஏறி வர வேண்டும். இந்த வைத்தியத்தை இந்தத் துறைமுகத்தில் ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான்.

“மச்சான், காத்து புடிச்சிடுச்சு. அந்தப் புது சிலிண்டர மாட்டு, எறங்குறேன்” என்றேன்.

“மூஞ்சி சாம்பலாட்டம் இருக்குது மாமா. மொதல்ல படுங்க.”

“படுக்கறதுக்கா கடலுக்கு வந்தேன்? மாட்டுடான்னா!”

அவன் சிலிண்டரைத் தூக்கினான். என் சொல்லை அவன் தட்டியதே கிடையாது. தூக்கினவன் நின்றான். “வலி எப்ப வந்துச்சு மாமா? மேல வந்தப்பறமா, கீழயா?”

“கீழ. கயிறு வுடும்போது.”

“கீழயே வந்த வலிக்கு மறுபடி கீழ போயி என்னா மருந்து வாங்கப் போறீங்க?”

“எனக்கே தொழில் சொல்லித் தர்றியா? ஒனக்குக் கத்துக் குடுத்தவன்டா நானு!”

“ஆமா, நீங்கதான் கத்துக் குடுத்தீங்க. காத்துப் பிடிப்பு மேல வந்தாதான் வரும்னு நீங்கதான் சொன்னீங்க.”

நான் எழுந்து சிலிண்டரைப் பிடுங்கப் போனேன். அவன் அதன் வால்வைத் திருகித் திறந்துவிட்டான். காற்று முழுக்க ஸ்ஸ்ஸென்று வானத்துக்குப் போனது. காசு கொடுத்து அடைத்த காற்று. நான் அவன் பரம்பரையையே திட்டினேன். அது என் மனைவியின் பரம்பரையும்தான் என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை. திட்டிக்கொண்டிருக்கும்போதே வாந்தி வந்தது. அவன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டே படகைத் திருப்பினான்.

கரையில் சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றேன். வாயு என்றேன். யாரும் கேட்கவில்லை. ஆட்டோவில் போட்டுக் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயம் துடிக்கிற துடிப்பை ஒரு மிஷின் தாளில் கோடாகக் கிறுக்கும், அதுதான் ஈசிஜி. அந்தக் கிறுக்கலைப் பார்த்த டாக்டர் ஒரு மாத்திரையை மெல்லச் சொன்னார், ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். “ஹார்ட் அட்டாக். இதய வார்டு இருக்கற எடத்துக்கு ஒடனே கொண்டு போங்க” என்றார். மகள் இருக்கிற ஊர் என்பதால் சிதம்பரம் என்று தேவராஜ்தான் சொன்னான்.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக, வெளியே எதுவும் தெரியாத வண்டியில். குடிகாடு தாண்டுகிறோம் என்பதை மூக்கு சொன்னது, அங்கே இருக்கிற கெமிக்கல் பேக்டரிகளின் வாடையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். பக்கத்தில் தனம் என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடிக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

“கையில ஊசி குத்தி வெச்சிருக்காங்க. கெடைக்கறதத்தான் புடிக்க முடியும். பேசாம வாங்க” என்றாள்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. என் மகள் வயதுகூட இருக்காது. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அவர்கள் ஈசிஜியைப் பார்த்துவிட்டு மறுபடி ஒன்று எடுக்கச் சொன்னார்கள். கடலுக்குள் முங்குகிற ஆள் என்று கேட்டதும் நிமிர்ந்தார்கள். எத்தனை ஆழம், எத்தனை தடவை, வலி எப்போது வந்தது என்று கேள்வி மேல் கேள்வி. யாருக்கோ போன் போட்டு இங்கிலீஷில் பேசினார்கள். தேவராஜ் பக்கத்தில் நின்று எல்லாம் சொன்னான், சிலிண்டரைத் திறந்து விட்டதையும் சேர்த்து.

டாக்டரம்மா அவனைப் பார்த்து, “அந்தக் காத்தத் தொறந்து வுட்டீங்களே, அதான் இவருக்கு மொத வைத்தியம். திரும்ப எறங்கியிருந்தா அங்கயே மயக்கம் போட்டு முடிஞ்சிருக்கும்” என்றார்கள்.

பிறகு எனக்கு விளக்கினார்கள். இதயம் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிறது அல்லவா, அந்த இதயத்தின் சதைக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று தனியாகக் குழாய்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் ரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துக்கொண்டது. கம்ப்ரசர் நன்றாக ஓடுகிறது, ஆனால் குழாய் நடுவில் மடங்கிக்கிடக்கிறது, கீழே இருப்பவன் திணறுகிறான் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். “கரெக்ட். மடங்குன எடத்த நிமித்தற மருந்து இப்ப ஏத்தறோம். ஆனா ஒண்ணு, ரத்தம் கரையற மருந்து. எங்கயாவது ரத்தம் கசியறதுக்கும் வாய்ப்பு இருக்கு. வீட்டுல கையெழுத்துப் போடணும்” என்றார்கள்.

தனத்துக்குக் கையெழுத்து வராது. மகள் செல்வி போட்டாள். போடும்போது பேனா நின்று நின்று போனதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்க்கவில்லை.

மருந்து ஏறி முடியும்வரை பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது அலறுகிற பயம் இல்லை. அடியில் வெளிச்சம் மங்கிப்போகும்போது, கயிறு கையில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போமே, அந்த மாதிரி. கண்ணை மூடி, காற்று உள்ளே, காற்று வெளியே என்று ஒழுங்காக மூச்சு விட்டேன். மூச்சு விடுவதில் என்னை மிஞ்ச அந்த வார்டில் ஆள் கிடையாது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் மேலிருந்த முழங்கால் எழுந்துகொண்டது. தாடை வலி விட்டது. நர்ஸ் இன்னொரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, கோடு எறங்கிடுச்சு” என்று சிரித்தாள். கோடு இறங்கினால் நல்லதாம்.

இதய வார்டில் சொந்தக்காரர்களை உள்ளே விடுவதில்லை. வேளைக்கு ஒருவர், அதுவும் எட்டிப் பார்க்க. தனம் வெளியே வராந்தாவில் பாய் விரித்துவிட்டாள். அங்கே இருந்தவர்களோடு எல்லாம் சிநேகமாகிவிட்டாள். யார் வீட்டில் யாருக்கு எந்தக் குழாய் அடைப்பு என்று எனக்கு வந்து சொல்வாள். என் வலது பக்கக் கட்டிலில் புவனகிரியில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், வாய் அதைவிடப் பெரியது.

முதல் இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. எல்லாம் படுக்கையில்தான். வார்டு பையனைக் கூப்பிட்டுத் தட்டு கேட்கும்போது அவர் ஆரம்பித்துவிடுவார்.

“கடலுக்கு அடியில போயி கப்பலத் தூக்கறவருன்னாங்க. ஒண்ணுக்குப் போக ஆளு கூப்புடுறாரே!”

“ஒங்க கடைல விக்கற யூரியாவ ஒங்களுக்கே போட்டிருக்காங்க போல, வாய் மட்டும் வளந்து நிக்குது” என்று நான் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அவரது மானிட்டர் கீ கீ என்று கத்தியது. நர்ஸ் ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் அதட்டினாள். அவர் ஊர் எது, என் பிறந்த ஊர் எது என்று விசாரித்தால், ஒரே ஆற்றுத் தண்ணீர். அதற்குப் பிறகு அவர் வீட்டு ரசத்தில் எனக்கும் பங்கு வந்தது. உப்பு கிடையாது. உப்பில்லாத ரசத்தை நல்ல ரசம் என்று சொல்லிக் குடித்தது என் பெருந்தன்மை.

மருமகன் பாலுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரசாங்க ஆபீசில் வேலை. நீச்சல் தெரியாது, படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார். அதனால் அவரிடம் எனக்குப் பேச்சு கம்மி. அவர்தான் தினமும் ஆபீசுக்குப் போகுமுன் வந்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய், வெளிக்கடையில் வரிசையில் நின்று மருந்து வாங்கி வைத்துவிட்டுப் போவார். பில்லை என் கண்ணில் காட்ட மாட்டார். கேட்டால், “அதெல்லாம் செல்வியும் நானும் பாத்துக்கறோம் மாமா” என்பார். ஒரு நாள் சவரக் கத்தி, சோப்பு, ஒரு டம்ளர் வெந்நீர் எல்லாம் கொண்டுவந்தார்.

“மாமா, தாடி முள்ளா இருக்குது. எடுத்துவுடட்டா?”

“ஒங்களுக்கு வருமா?”

“எங்கப்பா படுத்திருந்தப்ப நாந்தான் எடுப்பேன்.”

அவருடைய அப்பா படுக்கையில் கிடந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. நன்றாகவே சவரம் பண்ணினார். ஒரு கீறல் கிடையாது. ரத்தம் கரைகிற மருந்து ஏற்றிய உடம்பு என்று அவ்வளவு பையப் பார்த்துப் பண்ணினார். தண்ணீருக்கு வெளியேயும் சில பேர் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள்.

பிறகு எக்கோ என்று ஒரு சோதனை. நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தினால், டிவியில் இதயம் தெரியும். என் இதயத்தை நான் பார்த்தேன். ஜெல்லி மீன் மாதிரி சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா ஒரு ஓரத்தைக் காட்டினார்கள். “இந்தப் பக்கம் கொஞ்சம் சோம்பலா இருக்கு பாருங்க. அட்டாக்ல அடிபட்ட எடம். மத்ததெல்லாம் நல்லா அடிக்குது.”

“மறுபடி முங்கலாமா?”

“கூடாது.”

“சிலிண்டர் கட்டாம, சும்மா, உப்பனாத்துல?”

“ஐயா, தண்ணிக்கு அடியில ஒங்களுக்கு ஒண்ணு ஆனா நான் வந்து ஊசி போட முடியாது. குளிக்கறதோட நிறுத்திக்குங்க.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உரக்கடைக்காரர்கூட அன்று சாயந்தரம் வரை என்னைச் சீண்டவில்லை.

பொது வார்டுக்கு மாற்றிய பிறகு லாஞ்சின் முதலாளி பார்க்க வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிவந்தார். தேவராஜும் கூட வந்தான். லாஞ்சைத் தூக்கிவிட்டார்களாம். நானில்லாமல். ஆறு பேரும் சேர்ந்து டிரம் கட்டிக் காற்று அடித்து, ஒரே மூச்சில் மேலே வந்ததாம்.

முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மூணு கயிறும் குடுத்து முடிச்சிட்டு, மேல வந்து படகுலதான் வுழுந்தீங்களாமே! ஹார்பரே பேசுது. இரும்பு மனுஷன்யா நீங்க!”

நான் தேவராஜைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது கயிற்றை அவனே இறங்கிக் கொடுத்துவிட்டு, நான் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதிகம் பேசக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். கேட்க நன்றாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். பிறகு பாண்டிச்சேரியில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். கைநரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை விட்டு, மருந்து செலுத்தி, அடைப்பு எங்கே என்று படம் பிடிப்பது. ஒரு இடத்தில் அடைப்பு இருந்தது. அங்கே ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்துக் குழாயை விரித்துவிட்டார்கள். இப்போது தினமும் மாத்திரை, காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடை. நடக்கும்போது கடலைப் பார்க்காமல் மணலைப் பார்த்து நட என்கிறாள் தனம். எனக்கு ஏக்கம் வந்துவிடுமாம். கடலைப் பார்த்துத்தான் நடக்கிறேன்.

சிதம்பரத்து டாக்டரம்மாவை எங்கள் டைவர் சங்கத்தில் ஒரு நாள் கூப்பிட்டார்கள். வந்து எல்லோருக்கும் விளக்கினார்கள். எந்த வலியாக இருந்தாலும் மறுபடி முங்குவது வைத்தியம் இல்லை, காத்துப் பிடிப்பாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்றார்கள். நானும் எழுந்து நின்று, “நான் சொல்லிக் குடுத்தது இன்னியோட ரத்து. அவுங்க சொல்றதக் கேளுங்க” என்றேன். அதன் பிறகு சங்கத்தில் ஐஸ் பேக்டரிச் சுவரில் ஒரு அறிவிப்பு எழுதினார்கள். நான் போய்ப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன்.

‘வலி வந்தால் மறுபடி முங்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று பெரிய எழுத்தில். அது சரி. கீழே சின்ன எழுத்தில்: ‘வேலையை முடித்துவிட்டு மேலே வந்த மூத்த டைவர் முத்துக்கண்ணுவுக்குப் படகில் நெஞ்சுவலி வந்தபோது, அவரை மறுபடி முங்க விடாமல் உயிர் காத்தவர் தேவராஜ்.’

சங்கச் செயலாளர் அந்தோணி பக்கத்தில் நின்றான். என் ஆறு பேரில் ஒருவன். “பாத்தீங்களா மாமா, ஒங்க பேரு சொவத்துல ஏறிடுச்சு” என்றான். பிறகு சும்மா பேச்சோடு பேச்சாக, “போன வாரம் எனக்குங்கூடக் கீழ நெஞ்சு பெசைஞ்சுது மாமா” என்றான்.

“என்னா பண்ணுன?”

“வேலைய முடிச்சிட்டு ஏறுனேன். அப்பறம் டாக்டர்கிட்டப் போனேன். வெறும் வாயுன்னு சொல்லிட்டாங்க.”

“நடுவுல ஏற வேண்டியதுதானடா?”

“எப்பிடி மாமா ஏறுறது? கயிறு பாதில கெடக்கு. நீங்களே அவ்ளோ வலியில முடிச்சிட்டுத்தான் ஏறுனீங்கன்னு ஊரே சொல்லுது, நான் பாதில ஏறுனா என்னா பேசுவாங்க?”

நெஞ்சு மறுபடி அடைத்த மாதிரி இருந்தது. அது அடைப்பு இல்லை, எனக்குத் தெரியும். “நான் முடிக்கலடா. பாதிலதான் வந்தேன். கயித்தச் சேத்துல வுட்டுட்டு வந்தேன்” என்றேன்.

அந்தோணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அது தேவராஜண்ணன் எங்கிட்ட மட்டும் சொல்லிச்சு. எனக்கும் தெரியும். ஆனா வெளிய எதுக்கு? ஒங்க பேரு கெட்டுடும் மாமா. முத்துக்கண்ணு பாதில ஏறி வந்துட்டாருன்னு நாலு பேரு சிரிப்பான்.”

சங்கத்துக்கும் தேவராஜுக்கும் என் வீட்டாருக்கும், இதைப் படிக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். மூன்றாவது கயிறு என்னுடையது இல்லை. அது தேவராஜுடையது, அவன் கணக்கில் எழுதுங்கள். சிலிண்டரைத் திறந்து விட்டதும் அவன்தான். ஊசி போட்டுப் பிழைக்க வைத்தது டாக்டரம்மா. ஆனால் பன்னிரண்டு பாகத்துக்குக் கீழே தேவராஜ் இல்லை, டாக்டரம்மா இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். நாலு தள்ளு பாக்கி இருந்த கயிற்றை விட்டவன் நான். விட்டிருக்காவிட்டால் அவர்கள் காப்பாற்றுவதற்கு ஆளே மேலே வந்திருக்காது. என் ஆயுசில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். அதை விட்டுவிட்டு, நான் செய்யாத ஒன்றை என் பெயரில் போட்டிருக்கிறார்கள்.

அந்த வரியைச் சுண்ணாம்பு அடித்து அழியுங்கள். புதிதாக எழுதுங்கள்: ‘கீழே வலி வந்ததும், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மேலே வந்தவர் முத்துக்கண்ணு.’ பெரிய எழுத்தில். தேவராஜ் பெயருக்கு மேலே.